இந்த ஊர்ல யாரு பெரிய ஆளு?

என் மாமனார் புதிதாக ஓர் ஊருக்குள் நுழைந்தால் இரண்டு கேள்வி கேட்பார். முதலாவது, இங்கே வருஷத்துக்கு மழை எவ்வளவு. இரண்டாவது, இந்த ஊர்ல யாரு பெரிய ஆளு. முதல் கேள்வி தொழில் பழக்கம், வேளாண்மைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். இரண்டாவது அவர் வளர்ந்த வட்டாரத்தின் பழக்கம். கோவில்பட்டியில் ஒரு பஸ் பிடித்தால் எட்டயபுரம், பாரதி. இன்னொரு பஸ் பிடித்தால் ஒட்டப்பிடாரம், வ.உ.சி. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பாஞ்சாலங்குறிச்சி, கட்டபொம்மன். ஊருக்கு ஓர் ஆள் என்று பழகிவிட்ட மனசுக்கு, ஆளே இல்லாத ஊர் என்று ஒன்று இருக்கும் என்பது பிடிபடாது.

போன வருஷம் மார்ச்சில் வந்தார். அத்தை வரவில்லை, சின்ன மகளுக்குப் பிரசவ நேரம். சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டிலிருந்து ஸ்டாக்டன் வருகிற வழியில் ஆல்டமான்ட் கணவாயின் காற்றாடிகளைப் பார்த்து, "நம்ம கயத்தாறு மாதிரில்லா இருக்கு" என்றார். அடுத்து மழை பற்றிக் கேட்டார், சொன்னேன். அதற்கு அடுத்து, "சரி மாப்பிள்ளை, ஸ்டாக்டன்ல யாரு பெரிய ஆளு?" என்றார். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் இங்கிருந்து சான் ஹோசேக்கு ரயிலில் போகிறேன், அந்த ரயில் நிலையத்துக்கே ராபர்ட் கேப்ரல் என்று ஒருவரின் பெயர். அவர் யாரென்று அன்றைக்கு வரை நான் கேட்டுக்கொண்டது கிடையாது (இந்த ரயிலைக் கொண்டுவரப் பாடுபட்ட கவுன்டி சூப்பர்வைசர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது). வாய்க்கு வந்ததைச் சொன்னேன். குளியலறையில் கத்திக்குத்து வாங்கிச் சாகிற அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் நடிகை ஜேனட் லீ இங்கேதான் வளர்ந்தார். கிரிஸ் ஐசக் என்று ஒரு பாடகர் இங்கே பிறந்தவர். கூண்டுக்குள் அடித்துக்கொள்கிற சண்டையில் டயஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்புறம் டாலஸ் பிரேடன் என்கிற பேஸ்பால் பந்துவீச்சாளர், 2010 அன்னையர் தினத்தன்று எதிரணி மட்டை பிடித்த 27 தடவையும் ஒருவரைக்கூட ஓட விடாமல் வரிசையாக வீட்டுக்கு அனுப்பியவர், அம்மா புற்றுநோயில் இறந்த பிறகு பாட்டி வளர்த்த பையன், அன்றைக்கு அந்தப் பாட்டி மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்.

பாட்டி கதைக்கு மட்டும் தலையாட்டினார். மற்றவர்களுக்கு, "அவுங்க ஊருக்கு என்ன செஞ்சாங்க?" என்றார்.

அலெக்ஸ் ஸ்பேனோஸைச் சொன்னால் எடுபடும் என்று தோன்றியது. கிரேக்கத்திலிருந்து வந்தவர்களின் மகன், ஸ்டாக்டனில் பிறந்தவர். 1951இல் 800 டாலர் கடன் வாங்கி ஒரு வேன் எடுத்து, வயல் வயலாகப் போய் சான்ட்விச் விற்றார். அதிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டி, 1984இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் என்கிற ஃபுட்பால் அணியையே வாங்கிவிட்டார். மாமாவுக்கு இது பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, "அந்த சான்ட்விச்ச வாங்கித் தின்னது யாரு?" என்றார்.

"வயல்ல வேலை பாத்தவங்க மாமா."

"அது தெரியுது. யாரு?"

மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த கூலிக்காரர்கள் என்றேன். "அவுங்களுக்கு முன்னாடி?" என்றார். அதற்குள் எங்கள் எக்ஸிட் வந்துவிட்டது, நல்லவேளை என்று இறங்கினேன். ஆனால் அந்தக் கேள்வி காரிலிருந்து இறங்கவில்லை. ஆறு மாதமும் எங்களோடேயே இருந்தது.

மண் விழுங்குகிற ஊர்

அடுத்த வாரமே அவருக்கு வயல் பார்க்க வேண்டும். ஊருக்கு மேற்கே டெல்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால்களும் கரைகளும், நடுநடுவே தீவு என்று சொல்கிற வயல்கள். தீவு என்றால் தண்ணீருக்கு மேலே நிற்பது என்றுதானே நினைப்போம், இங்கே வயல் கீழே கிடக்கிறது, கரைக்கு அந்தப் பக்கம் ஆறு நம் தலைக்கு மேலே ஓடுகிறது. சில தீவுகள் கடல் மட்டத்துக்கு 20 அடிக்கும் கீழே போய்விட்டன. காரணம் அந்த மண். நாணலும் கோரையும் ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீருக்குள் மக்கி மக்கி உண்டான கரிய மண், தண்ணீரை வடித்துக் காற்றுப் பட விட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காற்றோடு போய்விடும். மாமா ஒரு கைப்பிடி அள்ளி, கரிசலை உருட்டிப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். உருளவில்லை. பொடிப்பொடியாக விரலிடுக்கில் இறங்கிவிட்டது. மூக்கில் வைத்துப் பார்த்தார். "இது மண்ணே இல்ல மாப்பிள்ளை, குப்பை" என்றார், குப்பை என்பது அவர் வாயில் பெரிய பாராட்டு.

ஈரமாக இருந்தால் அதே மண் ஆளை விழுங்கும். அந்தக் காலத்தில் குதிரைகள் புதையாமல் இருக்கக் குளம்பில் அகலமான செருப்பு மாதிரி ஒன்றை மாட்டிவிடுவார்களாம். நீராவி டிராக்டர் வந்தபோது அது தன் கனத்திலேயே அமிழ்ந்தது. பெஞ்சமின் ஹோல்ட் என்று ஸ்டாக்டனில் பட்டறை வைத்திருந்தவர், சக்கரத்தை அகலப்படுத்திக்கொண்டே போனார். வண்டியின் அகலம் ஒரு வீட்டைவிடப் பெரிதாகிவிட்டது, திருப்ப இடமில்லை. கடைசியில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மரச் சட்டங்களைச் சங்கிலியில் கோத்து ஒரு பட்டையாகச் சுற்றிவிட்டார். 1904 நவம்பர் 24, நன்றி நவிலும் நாள், ராபர்ட்ஸ் தீவில் அதை ஓட்டிப் பார்த்தார்கள், புதையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு போட்டோகிராஃபர், கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து போகுதே என்றாராம். கேட்டர்பில்லர் என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. உலகப் போரில் டாங்கி செய்தவர்கள் இதைப் பார்த்துத்தான் யோசனை பிடித்தார்கள், 1918இல் ஸ்விண்டன் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஸ்டாக்டனுக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஊரில் கண்மாய் தூர் வார வருகிற செயின் பொக்லைனின் பாட்டன் இங்கே பிறந்ததா என்று அன்றைக்கு ராத்திரியே கோவில்பட்டிக்கு நாலு பேருக்கு போன் போட்டார். ஆள் கிடைத்துவிட்டார், இனிமேல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, "புதையாம வண்டி ஓடுச்சு, சரி. அந்த வண்டி வர்றதுக்கு முந்தி இந்தக் கரையெல்லாம் போட்டது யாரு?" என்று ஆரம்பித்தார்.

கரை போட்டவர்களில் பெரும்பகுதி சீனர்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் வைத்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நின்று போட்டார்கள். உருளைக்கிழங்கு போட்டதில் ஜப்பானியர்கள், அதில் ஜார்ஜ் ஷிமா என்பவர் ஆயிரக்கணக்கான ஏக்கர் குத்தகை எடுத்து உருளைக்கிழங்கு ராஜா என்றே பெயர் வாங்கினார். பிறகு பஞ்சாபிகள். அப்புறம் அஸ்பாரகஸ்.

அஸ்பாரகஸ் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. ஏப்ரலில் இந்த ஊரில் அதற்குத் திருவிழாவே நடக்கும், 1986இல் தொடங்கியது. ஆனால் கடையில் கட்டு வாங்கி லேபிளைப் பார்த்தால் மெக்சிகோ என்று இருக்கிறது. மாமா ஒரு தண்டை எடுத்து நுனியைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது தண்ணீர்விட்டான் கிழங்குக் குடும்பம்ல்லா" என்றார். சரிதான், இரண்டும் ஒரே இனம். நாம் கிழங்கை எடுத்து லேகியம் பண்ணுகிறோம், இவர்கள் குருத்தைத் தின்கிறார்கள். தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தார், பீன்ஸ் பொரியலுக்கு ஒரு படி மேல். ஆனால் அதை அறுக்கிற வேலை இருக்கிறதே, அது முதுகை முறிக்கிற வேலை. வெயில் ஏறினால் தண்டு ஒரே நாளில் சாண் கணக்கில் வளர்ந்துவிடும், அதனால் சீசன் முழுக்கத் தினமும் அதே வரிசையில் திரும்பத் திரும்பக் குனிந்துகொண்டே போக வேண்டும். நீளக் காம்பு வைத்த கத்தியை மண்ணுக்குள் விட்டு ஒவ்வொரு தண்டாக அறுக்க வேண்டும். அந்தக் கறுப்புப் பொடி உடம்பெல்லாம் ஏறி அரிக்கும். 1920களிலிருந்து அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பிலிப்பினோக்கள்.

"அவுங்க எங்க இருந்தாங்க?" என்றார் மாமா. வயலில் கேம்ப், மற்ற நாளில் ஊருக்குள் லிட்டில் மணிலா என்றேன். "அத ஒரு நாள் பாக்கணும்."

சீக்கியக் கோயில் தெரு

லிட்டில் மணிலா போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்குப் போனோம். சனிக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று, ஞாயிறு சாப்பாட்டுக்கு இங்கே போகலாம் என்றதற்கு உடனே கிளம்பிவிட்டார். 1912இல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் குருத்வாரா. ஜ்வாலா சிங், விசாகா சிங் என்ற இரண்டு பேர் முன்னின்று நடத்தினார்கள், இங்கே உருளைக்கிழங்கு போட்டவர்கள்தான். அந்தக் காசில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்க இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 1913இல் கதர் கட்சி எழுந்தபோது அவர்களுக்குச் சாப்பாடும் பணமும் ஆளும் போனது இந்த வளாகத்திலிருந்துதான். 1914இல் ஜ்வாலா சிங் வெள்ளைக்காரனை விரட்ட என்று கப்பல் ஏறினார், இறங்கியதும் கைதாகி நீண்ட காலம் சிறையில் கிடந்தார். கதர் என்றால் காந்தி கதர் இல்லை, கலகம் என்று பொருள்படும் உருதுச் சொல் என்று நான் விளக்க ஆரம்பித்ததும், "தெரியும் மாப்பிள்ளை, செண்பகராமன் பிள்ளை பெர்லின்ல இருந்து இவுங்களோட சேர்ந்து வேலை பாத்தவருதான" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது தெருப் பலகையை என்னை வாசிக்கச் சொன்னார். சீக்கியக் கோயில் தெரு. "பாருங்க, பலகையில ஏறிட்டாங்க" என்றார். திரும்பி வரும்போது தலீப் சிங் சவுந்த் கதையைச் சொன்னேன். பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் விவசாயம்தான் பார்க்க முடிந்தது. இந்தியா பற்றி அவர் எழுதிய முதல் புத்தகத்தை 1930இல் வெளியிட்டது இந்த குருத்வாராதான். இந்தியர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் குடியுரிமைக் கதவைத் திறந்தது 1946இன் ஒரே சட்டம். அது வந்து, 1949இல் குடிமகனாகி, 1956 தேர்தலில் ஜெயித்து அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போன முதல் ஆசியர் ஆனார். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு எந்தத் தெரு?" என்றார்.

பாலத்துக்குக் கீழே

நான் ரயிலுக்குப் போகும்போதெல்லாம் கிராஸ்டவுன் ஃப்ரீவேயில்தான் போவேன். ஊருக்கு நடுவே தூண்களில் நிற்கிற சாலை, இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளை இணைப்பதற்காகக் கட்டியது. ஒன்பது வருஷமாக அதன் மேலே போயிருக்கிறேன், கீழே இறங்கி நின்றதில்லை. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எல் டொராடோ தெருவில் இறங்கி, லஃபாயெட் தெரு முனையில் காரை நிறுத்தினோம். ஒரு காலத்தில் பிலிப்பைன்ஸுக்கு வெளியே பிலிப்பினோக்கள் அதிகம் பேர் இருந்த இடம் இதுதான் என்பார்கள். முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, லாட்ஜ், நடனக்கூடம், தையல்காரர் எல்லாம் இந்தச் சில தெருக்களுக்குள். மெயின் தெருவைத் தாண்டி வடக்கே போனால் அடி விழும் அல்லது போலீஸ் வரும், அதனால் தெற்கேயே இருந்தார்கள். பிலிப்பினோக்களுக்கு அனுமதி இல்லவே இல்லை என்று பலகை மாட்டிய ஹோட்டலின் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது, அது இந்த ஊர்தான். என் வீடு அந்தக் கோட்டுக்கு வடக்கே எட்டு மைல் தள்ளி இருக்கிறது.

1960களின் கடைசியிலும் அடுத்து வந்த சில வருஷங்களிலும் ஃப்ரீவேக்காக இதை இடித்தார்கள், சீனர் தெருவும் ஜப்பானியர் தெருவும் சேர்ந்து போனது. மிச்சமிருந்ததில் ஒரு பகுதியை 1999இல் இடித்து ஒரு பர்கர் கடையும் பெட்ரோல் பங்கும் வந்தன. 2000இல் நகராட்சி இதை வரலாற்றுச் சின்னப் பகுதி என்று அறிவித்தது, அப்போது பார்ப்பதற்கு விரல்விட்டு எண்ணுகிற கட்டடங்கள்தான் நின்றன. நாங்கள் போன நேரம் தூண் நிழலில் ஒரு ஷாப்பிங் வண்டி கவிழ்ந்து கிடந்தது, மேலே லாரி போகும்போதெல்லாம் ஒரு தடக், அரை விநாடி விட்டு இன்னொரு தடக். மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க யாரு பெரிய ஆளு?" என்றார். அவர் கேட்ட விதம் மாறியிருந்தது, இந்தத் தடவை பதில் இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி.

லாரி இட்லியோங் என்றேன். "லாரியா? லாரி ஓட்டுறவரா?" என்றார். இல்லை, பெயரே லாரி. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் லாரிக்காரர்.

லாரிக்காரர் 1913இல் பிலிப்பைன்ஸில் பங்கசினானில் பிறந்தவர். 1929இல் பதினைந்து வயதில் அமெரிக்கா வந்தார், வக்கீலுக்குப் படிக்க ஆசை. அலாஸ்காவில் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் மூன்று விரல் போனது, ஏழு விரல்காரர் என்று கூப்பிடுவார்களாம். வாயில் எப்போதும் சுருட்டு. ஸ்டாக்டனைச் சுற்றித்தான் அவருடைய சங்க வேலை வளர்ந்தது, 1948 அஸ்பாரகஸ் வேலைநிறுத்தத்தில் இருந்தார். 1959இல் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு பண்ணையாட்களுக்கென்று ஒரு குழு போட்டு அதன் தலைமையகத்தை ஸ்டாக்டனில் வைத்தது, அதில் அமைப்பாளராகி, டெலானோ என்கிற திராட்சை ஊருக்குப் போனார். 1965 செப்டம்பர் 8ஆம் தேதி காலை டெலானோவில் பிலிப்பினோ ஆட்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போகவில்லை. மணிக்கு 1.40 டாலர் கேட்டார்கள். நடுவயதையும் தாண்டியவர்கள், முப்பது முப்பத்தைந்து வருஷம் குனிந்தவர்கள். சீசர் சாவேஸின் மெக்சிகன் சங்கம் ஓட்டெடுத்துச் சேர்ந்துகொண்டது செப்டம்பர் 16ஆம் தேதி, எட்டு நாள் கழித்து. இரண்டு சங்கமும் மறு வருஷம் ஒன்றாகின, சாவேஸ் தலைவர், இட்லியோங் துணை. ஐந்து வருஷம் இழுத்து 1970இல் ஜெயித்தார்கள். 1971இல் இட்லியோங் விலகிவிட்டார், வயதான தன் ஆட்களைச் சங்கம் கவனிக்கவில்லை என்பது அவர் வருத்தம். 1977இல் இறந்தார். சாவேஸுக்கு எத்தனை தெரு, எத்தனை பள்ளிக்கூடம் என்று கணக்கே கிடையாது. இட்லியோங் பெயரில் ஒரு பள்ளியை எனக்குத் தெரியும், அது யூனியன் சிட்டியில் இருக்கிறது, ஸ்டாக்டனிலிருந்து அறுபது மைல்.

நான் இதையெல்லாம் கொஞ்சம் சூடாகவே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எட்டு நாள், எட்டு நாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக ஞாபகம். மாமா கேட்டது வேறு. "இந்த ஆளுகளுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா? ஒரு சாதிசனம் வந்து கேட்டிருக்காதா, எங்க அப்பன் இருந்த தெருவ ஏன்டா இடிக்கேன்னு?"

இட்லியோங்குக்குப் பிள்ளைகள் உண்டு. மற்றவர்களுக்கு? அங்கேதான் நான் நின்றேன், படித்து வைத்திருந்த ஒரு விஷயம் அதுவரை இந்த இடத்தோடு ஒட்டிப் பார்த்திராமல் இருந்தது. வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் இளம் ஆண்கள், பதினான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று கணக்குச் சொல்வார்கள். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா என்றால், 1933இல் கலிஃபோர்னியா சட்டத்தைத் திருத்தி, அந்தத் தடையில் மலாய் இனம் என்று பிலிப்பினோக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அந்தச் சட்டம் 1948 வரை உயிரோடு இருந்தது. ஊரிலிருந்து பெண் வரவழைக்கலாமா என்றால் 1934 சட்டப்படி மொத்தப் பிலிப்பைன்ஸிலிருந்தும் வருஷத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம். சட்டம் தளர்ந்தபோது பலருக்கு நாற்பது தாண்டிவிட்டது. மனோங் என்று, அண்ணன் என்ற பொருளில், எல்லாரும் கூப்பிட, அண்ணனாகவே கிழவரானார்கள்.

இதைச் சொன்னதும் மாமா அங்கிருந்த சிமென்ட் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "பேரன்ங்கிறதே பேரச் சொமக்கிறவன்தான் மாப்பிள்ளை. கல்யாணம் பண்ணாதன்னு சட்டம் போட்டா, அப்புறம் பேர யாரு சொமப்பா" என்றார்.

எங்கள் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது ஊரறிந்தது, எனக்கே அப்படி வைத்த பெயர்தான். ஆனால் அதை ஓர் ஊரின் பெரிய ஆட்கள் பட்டியலோடு நான் யோசித்ததில்லை. ஓர் ஊரின் புகழ்பெற்றவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் தகுதி அங்கே பிறந்திருப்பது. பிறந்துவிட்டுப் பதினெட்டு வயதில் ஹாலிவுட்டுக்குப் போனாலும் ஊர்க்காரர்தான். ஸ்டாக்டன் மாதிரி வந்தேறிகள் கட்டிய ஊருக்கு இந்தத் தகுதி வேடிக்கையானது. கேட்டர்பில்லர் ஹோல்ட் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். ஊரை நிறுவிய சார்லஸ் வெபர் ஜெர்மனிக்காரர், அவர் பெயர் வைத்ததோ ராபர்ட் ஸ்டாக்டன் என்கிற கடற்படைத் தளபதிக்கு. விவசாயத் தொழிலாளர் போராட்டத்தில் சாவேஸுக்குச் சமமாக நின்ற டோலரஸ் ஹுவெர்டா நியூ மெக்சிகோவில் பிறந்து சின்ன வயதில் அம்மாவோடு இங்கே வந்தவர். அம்மா எழுபது அறை கொண்ட ஒரு ஹோட்டல் நடத்தினார், காசில்லாத பண்ணையாட்களை வாடகை வாங்காமல் தங்க வைப்பாராம். பணமில்லாதவன் எப்படி இருப்பான் என்று அந்தப் பெண் படித்தது அந்த வரவேற்பு மேசையில்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 2012இல் ஒபாமா கையால் நாட்டின் பெரிய விருதை வாங்கினார், அதே வருஷம் இந்த ஊர் திவால் மனு போட்டது. அதுவாவது போகட்டும், வேறெங்கோ பிறந்ததால் விடுபடுவது ஒரு வகை. இங்கே யாருமே பிறக்க முடியாதபடி பார்த்துக்கொண்டு, பிறகு பிறந்தவர்களை வைத்துப் பட்டியல் போடுவது வேறு வகை.

பிறந்தவர்களில் ஒருவரைப் பற்றி மாமாவிடம் அன்றைக்குச் சொன்னேன். டான் மபலோன், 1972இல் ஸ்டாக்டனில் பிறந்தவர். அவருடைய தாத்தா இதே லஃபாயெட் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பேத்தி வரலாற்றுப் பேராசிரியராகி, இந்தத் தெருக்களின் கதையைத் தேடித் தேடி எழுதி, மிச்சக் கட்டடங்களை இடிக்காதீர்கள் என்று நண்பர்களோடு ஓர் அமைப்பும் தொடங்கினார். இட்லியோங்கின் பெயர் இன்றைக்கு இவ்வளவு பேருக்குத் தெரிவதில் அவருக்குப் பெரிய பங்கு. 2018இல், நாற்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார். மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு (ஆமாம், ஸ்டாக்டன் டவுன்டவுனில் வேட்டி), "பேத்திதான் சொமந்திருக்கா" என்றார். பர்கர் கடையில் ஆளுக்கொரு காப்பி வாங்கிக் குடித்தோம். சர்க்கரை நாலு பாக்கெட் போட்டார்.

பெட்டி

இன்னொன்று இருக்கிறது. பிலிப்பினோ சங்கம் ஒன்றின் லாட்ஜ், டகுஹோய் லாட்ஜ் என்று பெயர், ஸ்டாக்டனில் இருக்கிறது. 2005இல் அதன் நிலவறையில் வரிசையாக டிரங்குப் பெட்டிகள் கிடைத்தன. சீசனுக்குச் சீசன் ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனவை. வந்து எடுக்கவில்லை. பூட்டியபடியே பல பத்தாண்டுகள் கிடந்திருக்கின்றன. உள்ளே துணிமணி, கடிதங்கள், போட்டோக்கள். போட்டோவில் எல்லாரும் கோட்டு சூட்டில் இருப்பார்கள், தலை படிய வாரி, ஷூ பளபளக்க. வாரம் முழுக்க கறுப்புப் பொடியில் கிடந்துவிட்டு சனிக்கிழமை சூட்டுப் போட்டு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து ஊருக்கு அனுப்புவது.

அந்தப் பெட்டிகளின் படங்களை ராத்திரி போனில் காட்டினேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மூலையில் அடித்த தகரம், கொண்டி, கைப்பிடி. "நான் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன பெட்டி இப்படித்தான் இருக்கும்" என்றார். முதல் வேலை கிடைத்ததும் ஊர் ஊராக மாற்றல், பதினோரு வருஷம் லாட்ஜிலும் வாடகை அறையிலும் அந்தப் பெட்டியோடு இருந்திருக்கிறார். கல்யாணமாகித்தான் அது பரணுக்குப் போனதாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பரில் ஊருக்குக் கிளம்பினார். போய் இரண்டு வாரம் இருக்கும், அத்தை போனில் புலம்பினார். வந்ததும் வராததுமாக ஆளைக் கூப்பிட்டு ஏணி போட்டுப் பரணிலிருந்த பழைய பெட்டியை இறக்கிவிட்டாராம். திறந்தால் எலிப்புழுக்கை, ஓடாத டார்ச் லைட், கரையான் தின்ற மண் பரிசோதனைச் சீட்டுகள். பழைய இரும்புக்காரன் தெருவில் போகும்போது போட்டுவிடுங்கள் என்றால் கேட்கவில்லையாம். மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த பெயரும் ஊரும் உதிர்ந்துபோய்விட்டதென்று, கடைக்குப் போய்ச் சின்ன டப்பா பெயின்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கை நடுங்குகிறது, எழுத்துக் கோணலாக வருகிறது, பெயின்டர் பையனைக் கூப்பிடுகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார், நீங்களாவது சொல்லுங்க மாப்பிள்ளை என்றார் அத்தை.